மூன்றாம் நாள் வரும் சாமி

பயிற்சி முடிந்து மலை ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேரப் போன அன்று, பஸ்ஸில் யார் முகத்தையும் நான் பார்க்கவில்லை. கைகளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போது விரல் ஆடுகிறதா, முன் சீட்டுக்காரர் கம்பியைப் பிடித்திருக்கும் பிடி தளர்கிறதா என்று ஒரே ஆராய்ச்சி. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் போட்ட ஆட்டத்தில் டிரைவர் முதல் கூடைக்குள் இருந்த கோழி வரை எல்லாருமே நடுங்கினார்கள். ஜமுனாமரத்தூரில் இறங்குவதற்குள் ஒரு வார்டை நிரப்பும் அளவுக்கு நோயாளிகளைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

குடிப்பழக்கத்தை மருத்துவர்கள் எப்படி அடையாளம் காண்கிறார்கள் என்பதைத்தான் எங்களுக்குச் சில வாரங்கள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் டாக்டர் இல்லை; சமூகப்பணி படித்தவள். டாக்டரிடம் போகும் முன் நோயாளியிடம் உட்கார்ந்து பேச வேண்டியது என் வேலை. அதற்குப் பத்துக் கேள்விகள் உண்டு. எத்தனை நாளுக்கொருமுறை குடிக்கிறீர்கள், குடித்தால் எவ்வளவு, ஆரம்பித்தால் நிறுத்த முடிகிறதா, காலையில் ஒரு வாய் போனால்தான் உடம்பு நகர்கிறதா, உங்கள் குடியால் யாருக்காவது அடிபட்டதா, குறைத்துக்கொள்ளச் சொல்லி யாராவது சொன்னார்களா, இப்படிப் போகும். ஒவ்வொரு பதிலுக்கும் மதிப்பெண்.

கலசப்பாக்கத்தில் எங்கள் வீட்டில்தான் ஒத்திகை பார்த்தேன். சித்தப்பா என் கையில் தாளைப் பார்த்ததுமே மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். எங்களுக்கு மாடு கிடையாது. அப்பா மட்டும் நல்ல பிள்ளையாக உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

"எம்மாம் மார்க்கு?"

"மூணுப்பா. நாப்பதுக்கு."

"அப்ப ஃபெயிலா?"

"இதுல ஃபெயிலானாத்தான் பாஸு."

"இன்னா படிப்பு படிச்சியோ போ" என்று எழுந்து போனார். ஆனால் அந்த மூன்று மதிப்பெண்ணைத் தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

மலையில் என் கேள்விகள் முதல் நாளே இடறி விழுந்தன. அளவில்தான் தகராறு. மருத்துவக் கணக்கில் ஒரு சின்ன பெக் என்பது ஒரு அளவு. ஒரு குவாட்டர் என்றால் அப்படி ஆறு. அதுவரை சரி. "ஒரு சொம்பு" என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வது? எந்தச் சொம்பு, யார் காய்ச்சியது, முதல் ஊற்றா கடைசி ஊற்றா? நான் விடவில்லை. பக்கத்து வீடுகளில் சொம்புகளை வாங்கி, தண்ணீர் ஊற்றி, ஆஸ்பத்திரி அளவு டம்ளரில் கவிழ்த்துக் கவிழ்த்துக் கணக்குப் போட்டேன். சந்தைக்குள் செய்தி பரவிவிட்டது. "புதுசா ஒரு பொண்ணு வந்து கீது, சொம்ப அளந்துகினு கீது" என்றார்கள். கேள்வி கேட்பவள் என்பதால் எல்லாருக்கும் நான் டீச்சர் ஆனேன். இன்றுவரை என்னை வேறு பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

எங்கள் டாக்டர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வாணியம்பாடிக்காரர். வாழ்க்கையில் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை. மலை ஆட்களுக்கு அதுதான் பெரிய வேடிக்கை. "பாய் டாக்டரு, ஒருவாட்டி குடிச்சிப் பாத்துட்டு வந்து அப்பால கேளுங்க" என்பார்கள். "பிரசவம்கூட நான்தான் பாக்கறேன். அதுக்கும் அப்படியே சொல்வீங்களா?" என்பார் அவர்.

அந்தக் கணவனும் மனைவியும் வந்தது திருவிழாவுக்குச் சில நாள் முன்பு. கணவனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சாமை விதைப்பும் புளியமரங்களும் உள்ள சம்சாரி. வயிறு எரிகிறது, சாப்பிட்டால் வாந்தி வருகிறது என்று மனைவி இழுத்துக்கொண்டு வந்திருந்தார். அவரை நான் அக்கா என்று கூப்பிட்டேன். சீட்டு எழுதும் இடத்தில் வாடையை முகர்ந்துவிட்டு என்னிடம் அனுப்பிவிட்டார்கள்.

நான் தாளை எடுத்தேன். அவர் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி மலர்ந்த முகத்தோடு பதில் சொன்னார்.

"தெனமும் குடிப்பீங்களாண்ணே?"

"தெனமும்னு சொல்ல முடியாது டீச்சரு. காப்பு கட்னா தொட மாட்டேன்."

"காப்பு கட்டாத நாள்ல?"

"அந்த நாள்ல மனுசன் வேற இன்னா பண்றது?"

"ஆரம்பிச்சா நிறுத்த முடியுதா?"

"ஏன் முடியாது? காலியானா நிறுத்திடுவேன்."

"காலையில எழுந்ததும் குடிக்கிற பழக்கம் உண்டா?"

அவருக்கு ரோசம் வந்துவிட்டது. "காலையில குடிக்கறதுக்குப் பேரு குடியா? அது வாய் கொப்புளிக்கறது."

"கொப்புளிப்பாரு" என்றார் பக்கத்தில் இருந்த அக்கா. "துப்புறதத்தான் நான் பாத்ததே இல்ல."

மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது. இருந்தாலும் ஒரு விஷயம் எனக்கு உறுத்தியது. ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டினால், அன்று காலையிலிருந்தே ஒரு சொட்டுக்கூட நாக்கில் படாது என்று அடித்துச் சொன்னார். அக்காவும் ஆமாம் என்றார். நான் படித்த படிப்பில் இரண்டு பெட்டிகள் இருந்தன. குடியால் உடம்போ மனசோ கெட்டிருக்கிறது, ஆனால் ஆள் இன்னும் குடியின் கைக்குள் முழுசாகப் போய்விடவில்லை என்றால், அது கேடு தரும் குடி. அடக்க முடியாத ஆசை, நிறுத்த முடியாமை, நிறுத்தினால் உடம்பு படுத்தும் பாடு, பழைய அளவு போதாமை, மற்ற வேலையெல்லாம் பின்னால் போவது, கெடுதி என்று தெரிந்தும் விடாமல் குடிப்பது, இவற்றில் குறைந்தது மூன்று கடந்த வருஷத்துக்குள் சேர்ந்து இருந்தால் அது அடிமை நிலை. சொன்ன நாளில் சட்டென்று நிறுத்துகிறவரை எப்படி அடிமைப் பெட்டியில் போடுவது? முதல் பெட்டிதான் என்று முடிவு கட்டி, டாக்டரிடம் போய் ஒரு சின்னச் சொற்பொழிவே நடத்தினேன்.

டாக்டர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். கணவனைக் கூப்பிட்டு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொன்னார். நாக்கை நீட்டச் சொன்னார். கண்ணைக் கீழிமை இழுத்துப் பார்த்தார். வலது விலாவுக்குக் கீழே விரலால் அழுத்தினார். கை ஆடவில்லை. நான் வெற்றியோடு நின்றேன்.

"காலையில கொப்புளிச்சாச்சா?" என்றார் டாக்டர்.

"ஆச்சுங்க."

"அதான் கை நிக்குது. சரி, காப்பு கட்டி நிறுத்துறீங்க. அடுத்த நாள் உடம்பு எப்படி இருக்கும்?"

"அது விரதம்ங்க. தூக்கம் வராது. சோறு எறங்காது."

"அதுக்கு அடுத்த நாள்?"

"மூணாம் நாளு சாமி வந்துடும்."

மிகச் சாதாரணமாக, பஸ் வந்துவிடும் என்பது போலச் சொன்னார். ஊர் அம்மனின் சாமியாடி அவர்தான். அவர் அப்பாவுக்கு வந்த சாமி, அவருக்கும் வருகிறது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எப்படி வரும், கொஞ்சம் சொல்லுங்களேன். எங்க பக்கம் நான் பாத்ததில்ல."

கேட்கவேண்டுமா? விவரித்தார். முதலில் விரல் நுனியில் ஏறும். அப்புறம் உடம்பே நடுங்கும். தலையில் குடம் கவிழ்த்த மாதிரி வேர்த்து ஊற்றும். நெஞ்சு பம்பை மாதிரி அடிக்கும். சுவரில் எறும்பு எறும்பாக ஊர்வது கண்ணுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. செத்துப்போனவர்கள் வாசலில் நின்று பேசுவார்கள். ஊர் மொத்தமும் வந்து குறி கேட்கும்.

"சாமி எப்ப எறங்கும்?"

"படையல்ல சாராயம் வெப்பாங்க. அதுல ஒரு சொம்பு குடுத்தாத்தான் எறங்கும். குடிச்ச ஒடனே எல்லாம் அடங்கிடும்ங்க. அம்மனுக்கு அது அவ்ளோ இஷ்டம்."

நான் கையிலிருந்த தாளை மெதுவாக மடித்துக்கொண்டேன்.

அக்கா அதுவரை சும்மா இருந்தவர் சொன்னார்: "போன வருசம் ரெண்டாம் நாளே உழுந்துட்டாரு. கை காலு இழுத்துக்கிச்சி. நாக்கு கடிபட்டு ரத்தம். ஊரே கன்னத்துல போட்டுக்கினு கும்புட்டுது, அம்மன் உக்கிரமா வந்து கீதுன்னு. நான் மட்டும் முந்தானைய சுருட்டி அவரு பல்லுக்கு நடுவுல வெச்சிப் புடிச்சிக்கினு உக்காந்திருந்தேன்."

"வாயில எதுவும் வெக்காதீங்கம்மா. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, போதும்" என்றார் டாக்டர். குரல் தணிந்திருந்தது.

பிறகு அவரிடம் நேராகச் சொன்னார். தினமும் அவ்வளவு குடித்துப் பழகிய உடம்பு, திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் திமிறும். வலிப்பு ஒருமுறை வந்தால் அடுத்தமுறை இன்னும் மோசமாக வரலாம். அதிலேயே உயிர் போகவும் கூடும். காப்புக் கட்டும் முன்பே இங்கே வந்து படுத்தால், மாத்திரையும் வைட்டமின் ஊசியும் போட்டு நடுக்கம் இல்லாமல் குடியை நிறுத்திவிடலாம். ரத்தத்தில் கல்லீரலையும் பார்த்துவிடலாம். "ரத்தம் பாத்து மட்டும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. நீங்க இப்ப சொன்னீங்களே, அதுதான் எனக்கு டெஸ்ட்டு."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்.

"பாய் டாக்டரு. மாத்திரை போட்டா நடுக்கம் வராதா?"

"வராது."

"நடுக்கம் வரலன்னா சாமி எப்பிடி வரும்?"

அந்தக் கேள்விக்கு எங்கள் பாடத்தில் இடமில்லை. நான் டாக்டரைப் பார்த்தேன்.

"அரே, சாமி விஷயத்துல நான் வாயே தொறக்க மாட்டேங்க" என்றார் அவர். "ஊரு கூடி கும்புடற எடத்துல சாமி வர்றதுக்கு எங்க புத்தகமே நோய்னு பேரு வெக்கக் கூடாதுன்னு சொல்லுது. நான் கை நடுக்கத்தப் பத்தி மட்டும்தான் பேசறேன்."

"ரெண்டும் ஒண்ணுதானேங்க எனக்கு."

"அது எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. இதுவரைக்கும் ரெண்டும் தனித்தனியா வந்து பாத்ததில்லையே."

அவருடைய பயம் உயிரைப் பற்றியதில்லை. பெரியப்பா மகன் ஒருவர் வருஷா வருஷம் எதிரிலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாராம். "எனக்கு வரலன்னா அன்னிக்கே அவனுக்கு வந்துடும் டீச்சரு. அவன் வரிசையில நின்னுகினு கீறான்." பிறகு ஊரில் யார் மதிப்பார்கள்? எந்தக் கல்யாணத்தில் முதல் வெற்றிலை கிடைக்கும்? அம்மன் விட்டுப் போன வீடு என்று பெயராகிவிடும். அதற்கு வலிப்பே பரவாயில்லை என்பது போல இருந்தது அவர் பேச்சு.

காப்புக் கட்டிவிட்டால் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அதன்பின் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரவே முடியாது. அதனால் அன்றைக்கே முடிவு சொல்லவேண்டியிருந்தது. சொன்னது அக்காதான்.

"எனக்கு அம்மனும் வோணும், வூட்டுக்காரும் வோணும். அம்மன் எங்கியும் போவாது. எழுதிக்குங்க."

வார்டில் கடைசிக் கட்டிலைக் கொடுத்தோம். முதல் நாள் அவர் ராஜா மாதிரி இருந்தார். உப்புமாவில் உப்பு இல்லை என்றார், மின்விசிறியின் சத்தம் அபசகுனம் என்றார். இரண்டாம் நாள் பேச்சு குறைந்தது. விரலில் லேசாக ஆட்டம் தெரிந்தது. நர்ஸ் அடிக்கடி நாடி பார்த்து, டாக்டர் எழுதியபடி மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தார். வேர்த்தது, ஆனால் துண்டால் துடைத்துக்கொள்ளும் அளவுக்குத்தான்.

மூன்றாம் நாள் காலையில் நான் போனபோது குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடியிருந்தார். கைகள் முழங்கால்மேல் அசையாமல் இருந்தன.

"எப்படி இருக்கீங்கண்ணே?"

"இன்னிக்கி மூணாம் நாளு டீச்சரு."

"ஆமாண்ணே."

"இன்னும் வரல."

டாக்டரிடம் போய் இதைச் சொன்னால் நல்ல முன்னேற்றம் என்று எழுதிக்கொள்வார். எனக்கு அங்கே நின்றுகொண்டு நல்ல முன்னேற்றம் என்று சொல்ல வாய் வரவில்லை. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். மத்தியானம் வரை அவர் அடிக்கடி கையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பதும், இறக்குவதுமாக இருந்தார். சுவரைப் பார்த்தார். அதில் எறும்பு இல்லை. நிஜ எறும்புகூட இல்லை, அன்றுதான் மருந்தடித்திருந்தார்கள்.

சாயங்காலம் அக்கா தூக்குச்சட்டியில் சாமைச் சோறும் குழம்பும் கொண்டுவந்தார். அவர் ரொம்ப நாளைக்குப் பிறகு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார் என்று அக்கா என்னிடம் சொன்னபோது, அவர் காதில் விழுந்துவிட்டது. "சாமி போச்சி, இவளுக்கு சோறு முக்கியம்" என்றார். அக்கா சட்டியைக் கழுவிக்கொண்டே, "கொழம்பு எப்பிடி கீதுன்னு மட்டும் சொல்லு" என்றார். நல்லாத்தான் இருந்தது என்று ஒப்புக்கொண்டார்.

மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, காப்புக்கு முந்தின நாள் வீட்டுக்கு அனுப்பினோம். திருவிழாவுக்கு நீ ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று டாக்டர் சொன்னார். சொல்லாவிட்டாலும் போயிருப்பேன்.

காப்புக் கட்டிய மூன்றாம் நாள் போனேன். பஸ்ஸை விட்டிறங்கி மண் பாதையில் போனால் பலாமரங்களுக்கு நடுவில் கோயில். ஊரே கூடியிருந்தது. பையன்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுக்கத் தயாராக நின்றார்கள். பம்பையும் உடுக்கையும் அடிக்க ஆரம்பித்தார்கள். மஞ்சள் வேட்டியும் கையில் காப்புமாக அவர் நடுவில் நின்றார். எதிரில் முதல் வரிசையில், புது வேட்டி கட்டி, குளித்த தலையோடு ஒருவர் நின்றிருந்தார். யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது, பெரியப்பா மகன். இதோ வந்துவிட்டது என்பது போல அவர் ஏற்கெனவே லேசாக ஆடிக்கொண்டிருந்தார்.

பம்பை அடித்துக்கொண்டே இருந்தது. எங்கள் சாமியாடி நின்றுகொண்டே இருந்தார். போன வருஷங்களில் இதற்குள் வந்திருக்குமாம். கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. "ஆஸ்பத்திரில ஊசி போட்டு அம்மனைக் கட்டிப்புட்டாங்க" என்று எனக்குப் பின்னால் ஒரு குரல். நான் திரும்பவில்லை. பெரியப்பா மகனின் தோள்களும் ஆட ஆரம்பித்தன. நான் வேண்டாத சாமி இல்லை. எந்தச் சாமியிடம் வேண்டுவது என்பதிலும் ஒரு குழப்பம்.

சாமியாடி கண்ணைத் திறந்தார். நிதானமாக ஒரு காலைத் தூக்கி வைத்தார். அப்புறம் இன்னொரு கால். பம்பைக்காரர் அதைப் பார்த்து அடியை மாற்றினார். அவர் ஆடினார். உதறல் இல்லை. தாளத்துக்குள் காலும் காலுக்குள் தாளமுமாக ஒரு ஆட்டம். வேகம் கூடிக்கொண்டே போய், முடி அவிழ்ந்து, தொண்டையிலிருந்து அவருடையதல்லாத ஒரு குரல் வந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். பெரியப்பா மகன் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கும்பிட்டார். நான் வேர்வையைப் பார்த்தேன், எல்லாருக்கும்தான் வேர்த்தது. கண்பாவையைப் பார்க்க முயன்றேன், தூசி. படித்ததில் ஒரு கேள்விகூட அங்கே உதவிக்கு வரவில்லை.

இனிதான் சிக்கல். சாமி இறங்க வேண்டும். பெரியப்பா மகன் படையலிலிருந்து சாராயச் சொம்பை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார். அதைக் குடித்தால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் காத்துக் கிடந்ததெல்லாம் வீண். குடிக்காவிட்டால் அம்மனுக்கு வைத்த படையலை அம்மனே தள்ளினாள் என்று ஆகும். அவர் சொம்பை வாங்கினார். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். வாசனை அவரைப் பிடித்து நிறுத்தியது தெரிந்தது. அப்படியே நின்றார், ஊரும் நின்றது.

சொம்பைக் குனிந்து மண்ணில் வைத்தார்.

"இது வோணாம்" என்றது அந்தக் குரல்.

"இன்னா தாயே வோணும்?"

"டீ குடு."

பம்பை நின்றுவிட்டது. ஊர்ப் பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அம்மன் டீ கேட்டதாக எந்தத் தலைமுறையிலும் கேள்விப்பட்டதில்லை. "டீயா?" என்றார் ஒருவர். "தாயே கேக்கறா, எதுத்துப் பேசாத" என்றார் இன்னொருவர். அதற்குள் அக்கா டம்ளரோடு வந்துவிட்டார். ஆவி பறந்துகொண்டிருந்தது. பால் காய்ச்சி, தூள் போட்டு, கொதித்து வர ஆகும் நேரத்தை யோசித்துப் பார்த்தேன். சாமி வாய் திறப்பதற்கு முன்பே அந்த அடுப்பு எரிந்திருக்க வேண்டும். அதைப் பற்றி அக்கூட்டத்தில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர் டம்ளரை ஒரு கையால் வாங்கி ஊதி ஊதிக் குடித்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. குடித்து முடித்ததும் தோள் தளர்ந்து உட்கார்ந்தார். சாமி மலையேறிவிட்டது என்றார்கள். அடுத்த வருஷப் படையலில் டீயும் சேர்க்கவேண்டும் என்றும், பால் டீயா கருப்பட்டி டீயா என்றும் அங்கேயே ஒரு பஞ்சாயத்து ஆரம்பமாகிவிட்டது.

கூட்டம் கலைந்தபின் நான் அக்காவிடம்தான் முதலில் போனேன். "அடுப்புல முன்னாடியே டீ வெச்சிருந்தீங்களேக்கா?"

"எனக்குக் குடிக்கணும்போல இருந்துச்சி" என்றார் முகத்தைப் பார்க்காமல். "பொம்பளைக்கு டீ குடிக்கணும்னு தோணக் கூடாதா டீச்சரு?"

அவர் பலாமரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் நாடி பார்க்க மணிக்கட்டைப் பிடித்தேன். ஓடி வந்தவனின் நாடி, கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்துகொண்டிருந்தது.

"வந்துச்சா டீச்சரு?" என்றார் மெதுவாக. "நீ படிச்சவ, பாத்துகினே இருந்தியே. வந்துச்சா, வரலியா?"

"உங்களுக்குத் தெரியலையாண்ணே?"



"ஆடனது தெரியுது. கேட்டது யாருன்னு தெரியல." நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டார். "யாரு குடிச்சாங்களோ, சக்கரை பத்தல. போய் உங்க அக்காகிட்ட சொல்லு, இன்னொரு டம்ளர் போடச் சொல்லி."